வண்டிக்கு முன்னால் சுமை

வாசகர் கேள்வி – பதில்

போக்குவரத்தின் வரலாற்றைச் சிறுவர்களுக்குக் கற்பிப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு கேள்வி வெளியாகியிருந்தது. அதைத் தொடர்ந்து பெற்றோரும் ஆசிரியர்களும், ஒரு மாணவியும்கூட, கடிதம் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி வரும் கேள்விகள் என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. அவளுடைய பாடநூலில் ‘நடை, விலங்கு, சக்கரம், கப்பல், ரயில், கார், விமானம்’ என்று படங்களோடு ஒரு வரிசை இருக்கிறது. ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிட்டாள். மறுநாள் அதைப் பற்றிப் பேசுவதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை. வீட்டில் நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்? – ஒரு தாய்

பதில்: அந்த வரிசை, விடைகளை மட்டும் அச்சிட்டுக் கேள்விகளை விட்டுவிட்ட தாளைப் போன்றது. மனப்பாடம் செய்ய முடியும். யோசிக்க அதில் இடமில்லை. பழங்கால மனிதர்கள் சக்கரம் வேண்டுமென்று காத்திருக்கவில்லை. ஒரு கல்லையோ தானிய மூட்டையையோ நோயாளியையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. இடையில் மணலும் ஆறும் மேடும் தூரமும் குறுக்கே நின்றன. எனவே வாகனத்தின் படத்தைக் காட்டித் தொடங்காமல், சுமையைக் குழந்தையின் கையில் கொடுத்துத் தொடங்குங்கள். இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் இதைவிட நல்ல தொடக்கத்தை நான் கண்டதில்லை.

ஒரு காலணிப் பெட்டியில் தடித்த புத்தகங்கள் ஐந்தாறை அடுக்கி, முன்பக்கம் துளையிட்டுக் கயிறு கட்டிக் கொடுங்கள். முதலில் அவள் அதைத் தூக்கிக்கொண்டு அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடக்கட்டும். பிறகு தரையில் இழுக்கட்டும். அடுத்துப் பாய் விரித்து அதன் மேல் இழுக்கட்டும். தரை மாறினால் கையின் வலி மாறுகிறது என்பதை உள்ளங்கையே சொல்லிவிடும். எகிப்தில் ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜெஹுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், மாபெரும் சிலையைச் சறுக்குப்பலகையில் ஏற்றி வரிசை வரிசையாக ஆட்கள் இழுத்துச் செல்லும் ஓவியம் இருக்கிறது. பலகையின் முன்னால் நிற்கும் ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அதை ஏதோ சடங்கு என்று பலர் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, சரியான அளவு ஈரமுள்ள மணலில் இழுவிசை ஏறத்தாழப் பாதியாகக் குறைவது தெரிந்தது. ஒரு தட்டில் மணல் பரப்பி இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். தண்ணீர் கூடினால் மணல் சேறாகி மீண்டும் பிடித்துக்கொள்ளும் என்பதையும் அவளே கண்டுபிடிக்கட்டும்.

அதன் பிறகு பெட்டியின் அடியில் பென்சில்களை வரிசையாகப் படுக்க வையுங்கள். பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். குழந்தை துள்ளிக் குதிக்கும். ஆனால் நான்கு அடி போவதற்குள் பென்சில்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் தங்கிவிடும், யாராவது அவற்றைப் பொறுக்கி முன்னால் வைத்துக்கொண்டே ஓட வேண்டும். என் வகுப்பில் ஒரு சிறுமி மூன்று முறை அப்படி ஓடிவிட்டு, மூச்சு வாங்க நின்று, “இந்தப் பென்சில் ஏன் நம்மோடயே வரக் கூடாது?” என்று கேட்டாள். எந்தப் பாடநூலும் கேட்காத கேள்வி அது. அட்டையை வட்டமாக வெட்டி, பென்சிலின் இரு முனையிலும் செருகி, பென்சிலைப் பெட்டியின் அடியில் பசையால் அழுத்தி ஒட்டினாள். அட்டையிலும் பசை வழிந்திருந்தது. வட்டம் சுத்தமான வட்டம்தான், வண்டி நகரவில்லை. இரண்டு நாள் கழித்து, பெட்டியின் அடியில் உறிஞ்சுகுழலை ஒட்டி அதற்குள் மெல்லிய குச்சியை நுழைத்துக்கொண்டு வந்தாள். குச்சி குழலுக்குள் சுழன்றது. சக்கரத்தின் கடினமான பகுதி வட்டத்தில் இல்லை, அச்சில் இருக்கிறது என்பதை அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: குகைமனிதன் கல்லைச் செதுக்கிச் சக்கரம் செய்வதுபோலப் படக்கதைகளில் வருகிறது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் தடுமாறுகிறேன். என்ன சொல்வது? – தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர்

பதில்: அந்தப் படம் தவறு என்று தயங்காமல் சொல்லுங்கள். குகையோவியங்களின் காலத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் பல்லாயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. சக்கரம் பூட்டிய வண்டிக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகள் ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அப்போது மனிதர்கள் வேளாண்மை செய்துகொண்டிருந்தார்கள், மாடு வளர்த்தார்கள், ஊர் கட்டி வாழ்ந்தார்கள். போலந்தில் புரோனோசித்சே என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த மண்பானை ஒன்றில் நான்கு சக்கர வண்டியைப்போன்ற கீறல் ஓவியம் இருக்கிறது. மெசப்பொட்டேமியாவிலும் ஏறக்குறைய அதே காலத்தில் வண்டிகள் தோன்றிவிட்டன. எங்கே முதலில், யாரால் என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாது. “பெயர் தெரியாத தச்சர்கள்” என்பதே நேர்மையான விடை, அதைக் குழந்தைகள் ஏமாற்றமில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள்.

தச்சர் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். மரத்தடியைக் குறுக்கே அறுத்தால் வட்டம் கிடைத்துவிடுமே, அதைவிட எளிய சக்கரம் ஏது என்று மாணவர்கள் கேட்பார்கள். குறுக்கே அறுத்த வில்லை காயும்போது நடுவிலிருந்து விளிம்பு வரை வெடித்துவிடும், பாரம் ஏறினால் பிளந்துவிடும். அதனால்தான் பழைய சக்கரங்கள் நீளவாக்கில் அறுத்த பலகைகளை இணைத்துச் செய்யப்பட்டவை. ஸ்லோவேனியாவின் லியுப்லியானா நகருக்கு அருகே சதுப்பு நிலத்தில் கிடைத்த சக்கரம் ஏறத்தாழ 5,150 ஆண்டுகள் பழமையானது, அச்சோடு சேர்ந்தே கிடைத்தது. சக்கரம் ஆஷ் என்ற மரத்தால் ஆனது, அச்சு ஓக் மரத்தால் ஆனது. நடுத்துளை சதுரமாக இருப்பதால் சக்கரமும் அச்சும் சேர்ந்தே சுழன்றிருக்கின்றன. உலோகக் கருவிகள் அரிதாக இருந்த காலத்தில், இறுகாமலும் தளராமலும் ஒன்றுக்குள் ஒன்று சுழலும்படி மரத்தை இழைத்த அந்தக் கைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரக்கால்கள் வைத்த இலேசான சக்கரம் வருவதற்கு அதன் பிறகும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி என்று அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் பெயர் இருக்கிறது. அவற்றைச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

நேரம் இருந்தால் இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, தோணி சக்கரத்தைவிட மிகமிக மூத்தது. நெதர்லாந்தில் பெஸ்ஸே என்ற ஊரில் கிடைத்த குடைமரத் தோணியின் வயது ஏறத்தாழ 10,000 ஆண்டுகள். அதற்கும் வெகு முன்பே, ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன், மனிதர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இடையில் கடலைக் கடக்காமல் அங்கே போக வழியே இல்லை. இரண்டாவது, மெக்சிகோவின் பழங்குடி நாகரிகங்களில் சக்கரம் வைத்த சிறு களிமண் விலங்குப் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அங்கே யாரும் வண்டி ஓட்டியதாகத் தெரியவில்லை. அறிவு குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது, பொம்மையே சாட்சி. வண்டியை இழுக்க மாடோ குதிரையோ அங்கே இல்லை. “உங்களிடம் சக்கரம் இருக்கிறது, இழுக்க விலங்கு இல்லை, வழி முழுக்கக் காடும் மலையும். வண்டி செய்வீர்களா, முதுகில் சுமப்பீர்களா?” என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை முழுவதும் அதிலேயே ஓடிவிடும்.

கேள்வி: ‘பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்’ என்று சொன்னால் என் பேரனுக்கும் பேத்திக்கும் எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது. தாத்தா காலமும் எகிப்தியர் காலமும் அவர்களுக்கு ஒன்றுதான். காலத்தை எப்படிக் காட்டுவது? – ஒரு பாட்டி

பதில்: கயிறு போதும், அம்மா. 10 மீட்டர் கயிற்றை எடுத்து, ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை இன்று. மறுமுனையில் பெஸ்ஸே தோணி. இன்றிலிருந்து ஐந்தரை மீட்டரில் வண்டிச் சக்கரத்துக்கு ஒரு முடிச்சு, நான்கு மீட்டர் அளவில் ஆரக்கால் சக்கரத்துக்கு ஒன்று. அதன் பிறகு குழந்தைகள் கயிற்றைத் தடவிக்கொண்டே வருவார்கள், முடிச்சே வராது. ரயில் எஞ்சினின் முடிச்சு இன்றைய முனையிலிருந்து வெறும் 22 சென்டிமீட்டரில் இருக்கும், கார் 14-இல், விமானம் 12-இல், நிலவில் மனிதர் இறங்கியது 6 சென்டிமீட்டருக்கும் உள்ளே. உங்கள் பிறந்த நாளுக்கும் ஒரு முடிச்சுப் போடுங்கள். அந்த முடிச்சு எதற்கு அருகில் விழுகிறது என்று பார்த்ததும் அவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஆஸ்திரேலியாவுக்குப் போன அந்தத் தோணிக்கு முடிச்சுப் போட 50 மீட்டர் கயிறு வேண்டும். வாசலைத் தாண்டித் தெருவில் எங்கே போய் நிற்கும் என்று அவர்களையே நடந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: ரயிலைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்று ஒரு வினாடி வினா நூலிலும், ஜேம்ஸ் வாட் என்று இன்னொன்றிலும் இருக்கிறது. என் மகன் எதை எழுத வேண்டும்? – ஒரு தந்தை

பதில்: தேர்வுக்கு அவனுடைய பாடநூல் சொல்வதை எழுதட்டும். வீட்டிலோ உண்மைக் கதையைச் சொல்லுங்கள், அது ஒரு பெயரில் அடங்காது.

சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்கத் தாமஸ் நியூகோமன் 1712-இல் நீராவி எஞ்சினை இயக்கிக் காட்டினார். அது ஒரு கட்டடத்தின் அளவு இருந்தது, நகர்வதற்கு வழியில்லை. வாட் 1769-இல் காப்புரிமை பெற்ற, நீராவியைத் தனியே குளிர்விக்கும் குளிர்கலன் அதன் நிலக்கரித் தேவையைப் பெரிதும் குறைத்தது. ஆனால் வாட் உயரழுத்த நீராவியை ஆபத்தானதென்று கருதினார். அது இல்லாமல் எஞ்சினைச் சிறிதாக்கிச் சக்கரத்தின் மேல் ஏற்ற முடியாது. அந்தத் துணிச்சல் ரிச்சர்ட் டிரெவிதிக்கினுடையது. 1804 பிப்ரவரி 21 அன்று, வேல்ஸில் பெனிடாரன் இரும்பாலையிலிருந்து அவருடைய எஞ்சின் 10 டன் இரும்பையும் ஏறத்தாழ 70 ஆட்களையும் ஏற்றிய ஐந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒன்பது மைல் சென்றது. நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று.

பிறகு ஏன் அன்றே ரயில்கள் ஓடத் தொடங்கவில்லை? இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எஞ்சின் ஓடியது, அதன் பாரம் தாங்காமல் அடியில் இருந்த வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன. வார்ப்பிரும்பு கடினமானது, ஆனால் வளையாது, சட்டென்று முறியும். முறியாமல் வளைந்துகொடுக்கும் தேனிரும்பை உருளைகளுக்கிடையே அழுத்தி நீளமான தண்டவாளம் செய்யும் முறைக்கு ஜான் பர்கின்ஷா 1820-இல் காப்புரிமை பெற்றார். அத்தகைய தண்டவாளங்களை ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதையில் பெருமளவு போட்டவர் ஸ்டீவன்சன். அந்தப் பாதை 1825-இல் திறக்கப்பட்டது. 1829-இல் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில் அவரும் மகன் ராபர்ட்டும் கொண்டுவந்த ‘ராக்கெட்’ என்ற எஞ்சின் வென்றது, மறு ஆண்டே லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையில் பயணிகள் போய்வந்தார்கள். வாகனத்தின் வரலாற்றைச் சொல்லும்போது நாம் எப்போதும் மேலே ஓடுவதையே பார்க்கிறோம். கீழே கிடக்கும் பாதையைப் பார்க்கக் கற்றுக்கொண்ட குழந்தை பாதி வரலாற்றைத் தானாகவே புரிந்துகொள்ளும்.

காரின் கதைக்கு வரும்போது ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் பென்ஸின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். 1886-இல் காப்புரிமை பெற்ற அவருடைய மூன்று சக்கர வண்டியை வாங்க ஆள் வரவில்லை. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமில் தாய்வீட்டுக்கு வண்டியை ஓட்டிச் சென்றார். எரிபொருள் நிலையம் என்ற ஒன்றே அப்போது உலகில் இல்லை. வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில், கறை நீக்க விற்கும் லிக்ராய்ன் என்ற பெட்ரோலிய வடிநீரை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தடைக்கட்டை தேய்ந்துபோனதும் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அந்தத் தள்ளலின் பயனாக மேடேறுவதற்கென்றே இன்னொரு கியர் வண்டியில் சேர்ந்தது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “வழியில் இன்னும் என்னென்ன கெட்டுப்போயிருக்கலாம், கையில் இருப்பதை வைத்து எப்படிச் சரிசெய்திருப்பாய்?” என்று கேளுங்கள். என் மாணவர்கள் சொன்ன விடைகளில் பாதி நடைமுறைக்கு ஒத்துவரக்கூடியவை.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். எலெக்ட்ரிக் கார் புதிய கண்டுபிடிப்பு என்று என் தோழி சொல்கிறாள். பழையது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எது சரி? – ஒரு மாணவி

பதில்: நீ பார்த்ததுதான் சரி, கண்ணு. 1900-இல் அமெரிக்காவில் தயாரான கார்களில் மின்சார வண்டிகள் பெட்ரோல் வண்டிகளைவிட அதிகம். நீராவி வண்டிகளும் அப்படியே. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார் 1899-இல் கமில் ஜெனாட்ஸி ஓட்டியது. அது மின்சாரக் கார். அந்தக் காலப் பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியை மூச்சைப் பிடித்துச் சுற்ற வேண்டும், அது திருப்பி அடித்தால் கையே முறியும். மின்சாரக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், நகரத்தை விட்டு வெளியே போனால் மின்சாரம் கிடைக்காது. 1912-இல் கேடிலாக் கார்களில் எஞ்சினைக் கிளப்ப ஒரு மின்மோட்டாரை வைத்தார்கள். கைப்பிடி சுற்றும் வேலை போயிற்று. பெட்ரோல் கார் முந்திக்கொண்டது. பெட்ரோல் காரின் பெரிய குறையைத் தீர்த்தது எது என்று இப்போது உன் தோழியிடம் கேள்.

கேள்வி: ‘ரயில் தண்டவாளத்தின் அகலம் ரோமானியத் தேரின் அகலம், அதாவது இரண்டு குதிரைகளின் பின்புற அகலம், விண்கலத்தின் ராக்கெட்டுக்கும் அதுவே அளவு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. வகுப்பில் சொன்னேன், குழந்தைகள் மிகவும் ரசித்தார்கள். இது உண்மைதானா? – ஓர் ஆசிரியை

பதில்: கேட்க இனிமையான கதை. ஆனால் அடுத்த வகுப்பில் அதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள். 1,435 மில்லிமீட்டர் என்ற அகலம் வட இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களில் குதிரைகள் இழுத்த வண்டிப்பாதைகளிலிருந்து வந்தது. ஸ்டீவன்சன் அங்கே வேலை பார்த்தவர், பழகிய அளவையே எடுத்துக்கொண்டார். குதிரை இழுக்கும் வண்டி எங்கே செய்தாலும் ஏறத்தாழ அந்த அகலத்தில்தான் அமையும். எனவே ரோமானிய வண்டிக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை, பிள்ளை தந்தையின் சாயலில் இருப்பதைப் போன்றதன்று. ஒரே அளவுக் கால்களுக்குத் தைத்த இரண்டு செருப்புகளின் ஒற்றுமை.

அந்த அளவு தவிர்க்க முடியாததாகவும் இருக்கவில்லை. பொறியாளர் இசம்பார்டு புரூனல் இங்கிலாந்தில் தம்முடைய கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதையை 2,140 மில்லிமீட்டர் அகலத்தில் போட்டார். வண்டிகள் விரைவாகவும் ஆட்டமின்றியும் ஓடின. ஆனால் இரண்டு கேஜ்களும் சந்தித்த நிலையங்களில் மூட்டை முடிச்சு அத்தனையையும் ஒரு ரயிலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. 1846-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குறுகிய அளவின் பக்கம் நின்றது. ஏற்கெனவே அதிக நீளம் போடப்பட்டிருந்தது அதுதான். ரஷ்யாவில் இன்றும் 1,520, ஸ்பெயினின் பழைய பாதைகளில் 1,668 மில்லிமீட்டர். இவற்றுக்கெல்லாம் எந்தக் குதிரையை அளந்தார்கள் என்று உங்கள் மாணவர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். நீங்களே ஒரு தவறைத் திருத்துவதைப் பார்ப்பதும் அவர்களுக்கு வரலாற்றுப் பாடம்தான்.

கேள்வி: கப்பல்களின் வரலாற்றைச் சொல்லும்போது அடிமை வணிகத்தைச் சொல்வதா, தவிர்ப்பதா? குழந்தைகள் மனம் நோகுமே என்று தயக்கமாக இருக்கிறது. – நூலகத்தில் கதைநேரம் நடத்தும் ஒருவர்

பதில்: உங்கள் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் சொல்லியாக வேண்டும் என்றே நினைக்கிறேன். பாய்மரக் கப்பலின் அழகையும் கடலோடிகளின் வீரத்தையும் மட்டும் சொல்லி, அதே கப்பல்களின் அடித்தளத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்கள் விலங்கிட்டு ஏற்றப்பட்டதை மறைத்தால், வளர்ந்த பிறகு அதை அறியும் பிள்ளை நம்மைத்தான் நம்பாமல் போகும். இங்கும் சுமை என்ற சொல்லுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. மனிதரைச் சுமையாகக் கருதியதுதான் அந்தக் கொடுமையின் வேர். 1788-இல் வெளியான ‘புரூக்ஸ்’ கப்பலின் வரைபடம், மனிதர்களைப் பலகைகளைப்போல அடுக்கியிருந்ததை அப்படியே காட்டியது. பார்த்தவர்கள் உறைந்துபோனார்கள். அந்த வணிகத்தைப் பிரிட்டன் 1807-இல் தடைசெய்வதற்கு முன் நடந்த பரப்புரையில் அந்த ஒரு தாளுக்குப் பெரும் பங்கு இருந்தது. அந்தப் படத்தைப் பதின்மூன்று, பதினான்கு வயதினருக்குக் காட்டலாம். அதற்குக் குறைந்தவர்களுக்குப் படம் வேண்டாம்; “விருப்பமில்லாமல் ஏற்றிச் செல்லப்பட்டவர்களும் இருந்தார்கள், அது பெரிய அநியாயம்” என்று தெளிவாகச் சொல்லுங்கள், கேட்கும் கேள்விகளுக்கு மழுப்பாமல் விடை கொடுங்கள்.

எட்டு, ஒன்பது வயதினருக்கு ஏற்றது ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கதை. 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மான்ட்கமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்ததற்காக அவர் கைதானார். அந்நகரின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறவே இல்லை. வேலைக்கு நடந்தார்கள், கிடைத்த கார்களில் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். ஒரு பேருந்தில் யார் எங்கே உட்காரலாம் என்பதும் போக்குவரத்தின் வரலாறுதான் என்பதைக் குழந்தைகள் நம்மைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள். இருக்கைச் சண்டை அவர்களுக்குத் தெரியாததா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. எந்தக் கார், எந்த விமானம், எந்த ராக்கெட் என்ன வேகம் என்று எல்லா எண்களும் மனப்பாடம். வேகத்தைத் தவிர வேறெதிலும் ஆர்வமில்லை. அவனை வரலாற்றின் பக்கம் திருப்ப முடியுமா? – ஒரு தாய்

பதில்: திருப்ப வேண்டாம். அவனுடைய வேகத்தின் வழியாகவே போங்கள். எஞ்சினும் இல்லாமல் சக்கரமும் இல்லாமல் உலக வணிகத்தின் வேகத்தையே மாற்றிய ஒன்று எது என்று அவனிடம் கேளுங்கள். இரும்புப் பெட்டி. அதாவது கன்டெய்னர்.

அதற்கு முன் கப்பலில் சரக்கு ஏற்றுவதென்றால் மூட்டை, பீப்பாய், கட்டு, பெட்டி என்று ஒவ்வொன்றையும் தொழிலாளர்கள் தோளிலும் கொக்கியிலும் தூக்கி அடுக்க வேண்டும். கப்பல்கள் கடலில் ஓடுவதற்கு ஈடான நாட்களைத் துறைமுகத்தில் கழித்தன. லாரி நிறுவனம் நடத்திவந்த மால்கம் மக்லீன், லாரியின் மேற்பெட்டியையே அப்படியே கழற்றிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கப்பல் முன்பைவிட வேகமாக ஓடவில்லை. நின்ற நேரம்தான் குறைந்தது. 1960-களில் பெட்டியின் அளவும் அதன் மூலைகளில் உள்ள பிடிப்புகளும் நாடுகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்டபின், எந்தத் துறைமுகத்தின் கிரேனும் எந்த நாட்டுப் பெட்டியையும் தூக்கலாம் என்றாயிற்று. தோளில் சுமந்த பலருடைய வேலை அதனால் போனது என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

அவனுக்கு ஒரு பந்தயமும் வையுங்கள். இரண்டு நாற்காலிகளை லாரி, கப்பல் என்று வைத்துக்கொண்டு, முப்பது சிறு பொருட்களை ஒவ்வொன்றாகக் கையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றச் சொல்லுங்கள். மேசை ஒன்றை ரயிலாக்கி அங்கேயும் மாற்றட்டும். அடுத்த முறை அதே முப்பதையும் ஒரு காலணிப் பெட்டியில் போட்டு மூடி, பெட்டியாகவே மாற்றட்டும். கடிகாரம் அவன் கையில் இருக்கட்டும்.